சுந்தரவல்லியின் தேக்குத் தரை

பி.ஏ. முடித்த கையோடு சர்க்கார் உத்தியோகமும் கிடைத்து எழுபத்தாறாம் வருஷம் நான் சென்னைக்கு வந்தபோது, மந்தைவெளியில் ஒரு பழைய மாடிவீட்டின் பின்பக்க அறை காலியாக இருப்பதாக ஆபீசில் ஒருவர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி நான். அந்த மிடுக்கு குறையாமல் போய் நின்றேன். வீட்டுக்கார அம்மாள் அபயாம்பாள் கூடத்து ஊஞ்சலில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரூம் சாவி மாடியில சுந்தரவல்லிகிட்ட இருக்கு. போய்க் கேட்டு வாங்கிக்கோ," என்றார்.

செருப்பைப் படியடியில் விட்டுவிட்டு ஏறினேன். மாடிக் கூடத்தில் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

பாம்போ என்னவோ என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன். ஒரு பெண்மணி வந்து, மடித்துத் தைத்த இரண்டு துணித் திண்டுகளைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இதுல காலை வைங்க. தூக்கித் தூக்கி வைக்கப்பிடாது. தேய்ச்சுக்கிட்டே வாங்க."

தேய்த்துக்கொண்டே போனேன். கூடம் முழுக்கப் பலகைத் தரை. நல்லெண்ணெய் நிறத்தில் பளபளவென்று கிடந்தது. எங்கள் ஊரில் பலகை என்றால் பரணில்தான் இருக்கும். அதன் மேல் நடந்து குடித்தனம் நடத்துவார்கள் என்பது எனக்குப் புதிது. சாவி எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. அதை எடுக்கப் போய், ஜன்னலைப் பார்த்து வியந்து, திரும்பி வந்து, கீழே இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தக் கூடத்தை முழுசாக ஒருமுறை துடைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று.

அவரை நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். கதையாகச் சொல்ல உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. அக்கா பொறுத்துக்கொள்வார். பொறுக்கவில்லை என்றால் இன்னொரு முறை தரையைத் துடைக்கச் சொல்வார், அவ்வளவுதானே.

சுந்தரவல்லிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கனகராஜைக் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்கு வந்தாள். கனகராஜுக்குப் பாண்டி பஜாரில் உறவுக்கார அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற வேலை. முதலில் குடித்தனம் போட்டது மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், ஒரே அறையில். ரயில் போனால் சுவரில் மாட்டிய சட்டி ஆடும். ஜன்னல் இருந்தது, காற்று இல்லை. ஆனாலும் சிமெண்டுத் தரை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை வீசி, விளக்குமாற்றால் சரசரவென்று தள்ளிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கோலம் போட்டு, விளக்கேற்றினால்தான் அவளுக்கு வீடு வீடாக இருக்கும்.

பிறகு அண்ணாச்சி கடைக்குச் சேலை எடுக்க வந்த அபயாம்பாள் மாமி, பேச்சுவாக்கில் மாடி காலியாக இருக்கிறது என்று சொல்லப்போய், மந்தைவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் யாரோ ஒரு துரை கட்டிய வீடு. மாமியின் கணவர் வக்கீலாக இருந்தபோது வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; மகன் மார்க்கபந்து டெல்லியில். மாமி கீழே தனியாக இருந்தார். மாடியில் கூடம், மாமி 'உள்' என்று சொல்கிற இரண்டு அறை, எல்லாம் தேக்குப் பலகை. சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் சிமெண்டுத் தரை. சாயங்காலம் நாலு மணிக்குக் கடற்காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொரு ஜன்னலில் போகும். முதல் நாள் அந்தக் காற்றில் நின்றபோது சுந்தரவல்லி கனகராஜிடம் சொன்னாள்: "என்னங்க, இனிமே என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். நானா இறங்க மாட்டேன்."

மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"மேல ஜலம் விடப்படாது. அடுக்களையில கொட்டிக்கோ, குளிக்கற உள்ளுல கொட்டிக்கோ. பலகையில மட்டும் ஒரு சொட்டு விழப்படாது. இது மரம்டீம்மா."

சுந்தரவல்லி தலையாட்டினாள். ஆட்டிய தலைக்குள் வெள்ளிக்கிழமை வந்துபோனது. பிழிந்த துணியால் துடைத்துப் பார்த்தாள். துடைப்பது வேறு, கழுவுவது வேறு. கழுவாத தரையில் விளக்கேற்றினால் குளிக்காமல் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி உடம்பு கூசியது.

பெருக்குவதிலும் தகராறு. கோடையில் பலகைகள் சுருங்கி இடுக்கு விடும். அவள் மேலே பெருக்கினால் தூசி இடுக்கு வழியே கீழே இறங்கும். அதற்காகவே மாமி, ஊஞ்சலுக்கும் ஸ்வாமி அலமாரிக்கும் மேலே, உத்தரத்துக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தார். மாசம் ஒருமுறை அவிழ்த்தால் வேட்டி காவி வேட்டியாக இருக்கும். அதையும் மீறி விழுந்தால் கீழேயிருந்து குரல் வரும்: "ஏண்டி, என் ரசத்துக்குப் பெருங்காயம் நானே போட்டுப்பேன்!"

மேலே பேசுவது கீழே கேட்கும், கீழே பேசுவது மேலே கேட்கும். அது அப்படிப்பட்ட வீடு.

இப்படியே ஒரு வருஷம் போனது. அடுத்த நவராத்திரியும் வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள். அன்று தெருவே தண்ணீரில் மிதந்தது. பக்கத்து வீட்டில் வாசல் முதல் கொல்லை வரை கழுவிவிட்டார்கள். எதிர்ப் பக்கம் சைக்கிள் கடையில் பம்பைக் கூடக் கழுவினார்கள். எல்லா வீட்டு வாசலிலிருந்தும் சாக்கடைக்கு நீர் ஓடுகிற சத்தம். சுந்தரவல்லி ஜன்னலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மாமி கபாலி கோயிலுக்குப் போயிருந்தார். கனகராஜ் கடையில் கத்தரியும் கஜக்கோலும் கழுவிக்கொண்டிருப்பான்.

அவள் மனசுக்குள் ஒரு நியாயம் ஓடியது. மணப்பாட்டில் அவள் தாய்மாமன் வள்ளம் வைத்திருக்கிறார். வள்ளம் மரம்தானே? ஆயுசு பூராவும் கடல் தண்ணீரில் கிடக்கிறது. அதற்கு என்ன கெட்டுப்போயிற்று? வள்ளத்துக்கு ஆகாத தண்ணீரா தரைக்கு ஆகாமல் போகும்? ஒரு வாளி, லேசாக. விட்ட வேகத்தில் குளியலறைப் பக்கம் தள்ளித் துணி போட்டு ஒற்றிவிட்டால் மாமிக்குத் தெரியவா போகிறது?

ஒரு வாளி ஊற்றினாள். ஈரமரத்தின் வாசனை குப்பென்று வந்தது. ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்த மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தில் இன்னொரு வாளியையும் வீசிவிட்டு விளக்குமாற்றால் தள்ளினாள். தள்ளத் தள்ளத்தான் ஒன்று புரிந்தது. ஊற்றிய தண்ணீரில் பாதி கூடக் குளியலறைக்கு வந்து சேரவில்லை. இது எங்கே போயிற்று என்று விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

கீழே கதவு திறக்கிற சத்தம். பிறகு:

"அடிப் பாவி! செட்டியாருக்கு மீசை போச்சேடி!"

தடதடவென்று இறங்கி ஓடினாள். கீழ்க் கூடத்தில் கொலு. அதற்கு நேர் மேலே மாமியின் வெள்ளை வேட்டி, கறக்காத மாட்டு மடி மாதிரி தண்ணீர் கோத்துத் தொங்கியது. அதன் நடுவிலிருந்து சொட்டு, சொட்டு. கீழே மண்பொம்மைச் செட்டியார் கடை விரித்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மீசை கரைந்து தொப்பை மேல் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செட்டியார் பெண்சாதிக்குப் பொட்டு மூக்குவரை வந்துவிட்டது.

"துடைச்சுருதேன் மாமி. இந்தா, ஒரு நிமிஷம்."

"எதைடி துடைப்பே? மூஞ்சியையா? மூஞ்சி எங்கடி இருக்கு!"

அந்த நேரம் பார்த்து வேட்டியின் ஒரு மூலை முடிச்சு அவிழ்ந்தது. மிச்சத் தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த விபூதி கண்ணில் இறங்க, மாமி அப்படியே நின்றார். சுந்தரவல்லிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்பை விழுங்கிவிட்டாள்.

விஜயதசமி முடிந்த மறுநாள் மாமி கனகராஜைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கனகராஜ், பந்து பொங்கலுக்கு டெல்லியிலேர்ந்து வரான். பலகை, உத்தரம் எல்லாத்தையும் எடுத்துட்டு கான்கிரீட் போட்டு மொசைக் இழைச்சுடலாம்னு அவன் ரொம்ப நாளாச் சொல்லிண்டிருக்கான். நான்தான் இழுத்தடிச்சேன். நேத்திக்கு போன்ல சரின்னுட்டேன். வேலை ஆரம்பிச்சா மாடியில யாரும் இருக்க முடியாது. நீங்க வேற ஜாகை பாத்துக்கோங்கோ."

கனகராஜ் மாடிக்கு வந்து பாயில் உட்கார்ந்தான். "ஏட்டி வல்லி, மாம்பலம் ரூம் இன்னும் காலியாத்தான் கிடக்காம்," என்றான்.

சுந்தரவல்லிக்கு அப்போது வயிற்றில் நாலு மாசம். ரயில் சத்தத்தில் ஆடுகிற சட்டிக்குக் கீழே தொட்டில் கட்டுவதை நினைத்துப் பார்த்தாள். அன்று நாலு மணிக் காற்று வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை.

"பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குல்லா? தரை நல்லாயிருச்சுன்னா?" என்றாள்.

"தரை என்ன ஜுரத்துலயா கிடக்கு, நல்லாகுறதுக்கு?"

ஜுரத்தில்தான் கிடந்தது. ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு, மல்லாத்திய ஓடு மாதிரி ஆகிவிட்டது. படுக்கை உள்ளின் கதவு தரையில் இடித்துக்கொண்டு பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஆணி அடித்த இடங்களில் கறுப்பாகக் கறை விழுந்தது. தனக்குத் தெரிந்த மருந்து ஒன்று உண்டு என்று சுந்தரவல்லி நினைத்தாள். உடம்பு காய்ந்து கிடந்தால் எண்ணெய் தேய்ப்பதில்லையா? தீபாவளிக்கு ஊரே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறதே. முதல் நாள் சாயங்காலம் அரைப்படி நல்லெண்ணெயைத் தரைக்குத் தேய்த்துவிட்டாள்.

தீபாவளிக் கூட்டத்தில் நாளெல்லாம் துணி கிழித்துவிட்டு அசதியோடு வந்த கனகராஜ், கூடத்தில் வைத்த கால் வைத்தபடி ஜன்னல் வரை போய்த் 'தொம்'மென்று விழுந்தான்.

கீழேயிருந்து மாமி கேட்டார்: "விழுந்தது தேங்காயா, ஆளா?"

"ஆள்தான் மாமி!"

"அடி பட்டுதா?"

"இல்ல மாமி!"

"சரி." ஊஞ்சல் மறுபடியும் ஆடுகிற சத்தம் கேட்டது. வேறு ஜாகை பார்க்கச் சொன்னதற்கப்புறம் மாமி மாடியோடு பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் எறும்பு வந்தது. வரிசை வரிசையாக, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது. அதற்கு மேல் தாங்காமல் கனகராஜ் மயிலாப்பூர் பஜார் ரோட்டிலிருந்து ஷரஃபுதீனைக் கூட்டிவந்தான். மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார்.

"இன்னாமா இது, தரைலயே பஜ்ஜி போட்டியா?"

"எண்ணெ தேய்ச்சேன் பாய். மரத்துக்கு நல்லதுன்னு."

"மரத்துக்கு நல்லதோ இன்னாவோ, எறும்புக்கு ரொம்ப நல்லது."

கனகராஜ் அவசரப்பட்டான். "பாய், ஓரத்தையெல்லாம் இப்பவே இழைச்சுச் சமமாக்கிக் குடுத்துரும். பொங்கலுக்குள்ள முடியணும்."

"இப்ப இழைச்சா ஓரம் போய்டும் நைனா. அப்பால காஞ்சு ஒக்காந்துச்சுன்னா பலகைக்கு நடுவுல தொப்பை தள்ளிக்கினு நிக்கும். குடிச்ச தண்ணிய அதுவே விடட்டும். மழை பேஞ்சா ஜன்னலை மூடு, வுட்டா தொற. அவ்ளோதான்."

"சரியாயிருமா பாய்?" என்றாள் சுந்தரவல்லி.

"ஆனாலும் ஆவும். ஆவாமலும் போவும். மரத்துக்குள்ள பூந்து யாரு பாத்துகீறாங்க?"

ஒரு மூட்டை மரத்தூளை அனுப்பினார். அதைத் தூவி எண்ணெயை உறிஞ்ச வைத்து அள்ளிப் போட்டாள். எறும்பு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனது. பிறகு ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும். ஜன்னலை மூடுவதும் திறப்பதுமே அவளுக்கு வேலையாயிற்று. ராத்திரி காற்றுத் திசை மாறினாலும் தூக்கத்திலேயே எழுந்து மூடுவாள். தினமும் ஒரே பலகையின் மேல் கால் கட்டைவிரலை வைத்து ஓரம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். இன்றைக்கு இறங்கின மாதிரி இருக்கும்; நாளைக்கு மழை வந்து தூக்கிவிடும்.

இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை. மாமி வீட்டு வேலைக்காரி, மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். சுந்தரவல்லி மேலே துணியைப் பிழிந்து பிழிந்து அலுத்துக்கொள்வது கீழே கேட்டது போல. மாமி ஊஞ்சலிலிருந்து குரல் கொடுத்தார்.

"கை அவ்வளவு ஊர்றதுன்னா கீழ வந்து அலம்பேண்டி! என் தரை சிவப்புச் சிமிட்டி. செட்டியாரும் பெட்டிக்குள்ள போயாச்சு. இனிமே யாருக்குப் பயம்?"

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் மாமி திரும்பிப் பார்ப்பதற்குள் சுந்தரவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளக்குமாறோடு கூடத்தில் நின்றாள்.

"நெசமாத்தான் சொல்லுதியளா மாமி?"

மாமி ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "அடுக்களைப் பக்கம் மட்டும் வேண்டாம்," என்றார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீ கிணத்துக் கயிறு இழுக்கப்படாது. உன் ஆம்படையானைக் கூப்பிடு," என்றார்.

கடைக்குக் கிளம்பி நின்ற கனகராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு வாளி வாளியாக இறைத்தான். சுந்தரவல்லி வீசி வீசி ஊற்றினாள். சிவப்புத் தரையில் தண்ணீர் தகதகவென்று ஓடி, முற்றத்தில் விழுந்து, சலசலவென்று வெளியேறியது. மாமி ஊஞ்சலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்த மூலை, அந்த மூலை," என்று கை காட்டினார். முடிந்தபோது கனகராஜ் தொப்பலாக நனைந்து, "அண்ணாச்சி கடையில கேட்டா மழைன்னு சொல்லணும்," என்று முனகினான். வெளியே பளீரென்று வெயில்.

சுந்தரவல்லி கீழ்வாசலில் நின்று, காய்கிற தரையைப் பார்த்தாள். அன்று மேலே போய் விளக்கேற்றும்போது உடம்பு கூசவில்லை.

அதுவே வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் குழாயடியில், "என்ன சுந்தரவல்லி, வாடகையும் குடுத்து வீட்டையும் கழுவிக் குடுக்கியாமே," என்று இழுத்தாள். "ஆமா, உங்க வீட்டுலயும் தண்ணி இருந்தாச் சொல்லுங்க, வாறேன்," என்றாள் சுந்தரவல்லி. அந்த அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 'அடுக்களைப் பக்கம் வேண்டாம்' என்ற பேச்சும் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

மார்கழி பாதியில் மழை நின்று வாடைக்காற்று அடித்தது. ஒரு காலையில் படுக்கை உள்ளின் கதவு, தானாகவே சுவர் வரை போய் முட்டியது. சுந்தரவல்லி ஓடிப்போய்க் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பலகை படுத்துவிட்டது. ஜன்னலோரம் ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் சமம்.

ஷரஃபுதீன் இந்த முறை சொன்ன நாளிலேயே வந்தார். தகர டப்பாவில் தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்து கொண்டுவந்திருந்தார். "இத்தினியூண்டு எடுத்துத் தடவு. சோத்துக்கு நெய் ஊத்தற மாதிரி ஊத்தாத. அப்பால தேய். தேய்க்கத் தேய்க்கத்தான் மினுக்கும். தெனம் தேய்க்கணும்."

தினம் தேய்ப்பது எப்படி? அவளால் குனியவும் முடியாது, மண்டியிடவும் முடியாது. யோசித்தாள். அண்ணாச்சி கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணிகளைக் கனகராஜ் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டிருந்தான். அதை அடுக்கி மடித்துத் தைத்துத் திண்டு செய்தாள். இரண்டு காலுக்கும் ஒவ்வொன்று. நின்றபடியே தேய்த்துக்கொண்டு போனாள். தரை மினுக்கியது. இடுக்கில் இறங்குகிற தூசியைத் திண்டு தூக்கிக்கொண்டது. பெருக்குவதையே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் கால் இருக்கிறதே?

"கடையிலதான் நாள் பூரா நிக்கேன். வீட்டுக்கு வந்தா டான்ஸ் ஆடச் சொல்லுத," என்றான் கனகராஜ்.

"ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்துருங்க. காப்பி வச்சிருக்கேன்."

பால்காரர் தேய்த்தார். தபால்காரர் தேய்த்தார். பாக்கி வசூலிக்க வந்த சீட்டுக்காரர், கோபத்தோடு தேய்த்துக்கொண்டு வந்து, கோபம் வழுக்கிப்போய்ச் சிரித்துவிட்டார். கீழே மாமிக்குத் தொம் தொம்மென்ற காலடிக்குப் பதில் சர்... சர்... என்று ஒரு சத்தம் கேட்டது. இதென்ன, மேலே மாவு சலிக்கிறார்களா என்று முதலில் நினைத்தாராம்.

போகிப் பண்டிகையன்று மாமி ஸ்டூல் போட்டு ஏறி, பழைய வேட்டியை அவிழ்த்தார். வெள்ளத்துக்குப் பிறகு வெளுத்துக் கட்டியது. தூசி மூஞ்சியில் கொட்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். ஒன்றும் கொட்டவில்லை. உதறிப் பார்த்தார். வெளுப்பு அப்படியே இருந்தது. அண்ணாந்து பார்த்தார். வேட்டிக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கருந்தேக்கு உத்தரங்கள், அதன் மேல் வரிசை வரிசையாகப் பலகைகள். வேட்டியை மறுபடியும் கட்டாமல் மடித்து வைத்துவிட்டார். இதைப் பற்றி மாடிக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் மார்க்கபந்து ஒரு மொசைக் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். சுந்தரவல்லி அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்லி பூட்ஸ் கால் கூடத்துக்குள் வந்தது. வீட்டுக்காரர் மகன், வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறவர். அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று அவள் யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"சார், நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

மார்க்கபந்து ஒற்றைக் காலில் நின்றார். கனகராஜ் சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டான். சுந்தரவல்லி திண்டுகளைத் தள்ளினாள். அவர் திண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பூட்ஸைக் கழற்றினார். மேஸ்திரியும் செருப்பை விட்டான். இரண்டு பேரும் சர்... சர்... என்று கூடத்தைச் சுற்றிவந்தார்கள்.

"தண்ணி கொட்டி எல்லாம் வீணாயிடுத்துன்னு அம்மா சொன்னாளே, நன்னாத்தானே இருக்கு," என்றார் மார்க்கபந்து.

மேஸ்திரி குனிந்து ஜன்னலோரப் பலகையைத் தட்டினான். "மேலாக்க பளபளன்னு கீது சார். இங்க பாருங்க, தூக்கிக்கினு நிக்குது. ஆணில கறை கீது. உள்ள உளுத்திருக்கும். எடுத்துட்டு மொசைக் போட்டீங்கன்னா நிம்மதி. கழுவி வுட்டுனே இருக்கலாம்."

கழுவி விட்டுக்கொண்டே இருக்கலாம். சுந்தரவல்லி அதைக் கேட்டாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு மணிக் காற்று வந்து முதுகில் பட்டது.

அப்போது தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பந்து! அவன் சொல்றதெல்லாம் எனக்கு இங்க கேக்கறது. அவனுக்கு ரெண்டு கரும்பைக் குடுத்து அனுப்பு."

மார்க்கபந்து தரையைப் பார்த்தே பதில் சொன்னார். "அம்மா, நீதானே போன்ல சரின்னே!"

"சொன்னேன். அப்ப என் தலை நனைஞ்சிருந்தது. இப்ப காஞ்சுடுத்து."

"கான்கிரீட் போட்டா தூசி விழாது, ஜலம் சொட்டாது, சத்தமே இருக்காதும்மா. நிம்மதியா இருக்கலாம்."

"அதான் வேண்டாங்கறேன். தூசியும் விழலை, போகிக்கே பாத்துட்டேன். சத்தம் கேக்கலைன்னா மேல மனுஷா இருக்கான்னு எனக்கு எப்படிடா தெரியும்? இவ எப்ப எழுந்துக்கறா, எப்ப ஜன்னலைச் சாத்தறா, இவ ஆம்படையான் எப்ப வரான், எங்க வழுக்கி விழறான், எல்லாம் எனக்குத் தெரியறது. நீ டெல்லியில இருந்துண்டு என்னடா பண்றே, ஏதாவது கேக்கறதா எனக்கு?"

மார்க்கபந்து திண்டின் மேல் நின்றபடி கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "கரும்பு வாங்கிண்டு போப்பா," என்றார்.

கீழேயிருந்து இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. "சுந்தரவல்லி! இதோ பார், அடுத்த கொலுவுக்கு முன்னால செட்டியாருக்கு மீசை வரைஞ்சு தரணும். மறந்துடாதே!"

"வரைஞ்சுருதேன் மாமி!" என்றாள். கண் துடைத்துக்கொண்டாள். கனகராஜ் இப்போதுதான் கண்ணைத் திறந்தான்.

மீசையைக் கண்மையால் வரைந்தாள். கொஞ்சம் தடிமனாக வந்துவிட்டது. "செட்டியார் மாதிரி இல்லைடி, ஏட்டு மாதிரி இருக்கார். அரிசி வாங்க வரவாள்லாம் கையைத் தூக்கிண்டு நிப்பா," என்று மாமி சொன்னார். அப்படியே படியில் வைத்தார். வருஷா வருஷம் அப்படியேதான் வைக்கிறார்.

இது எழுபத்தொன்பதாம் வருஷம். சுந்தரவல்லி மந்தைவெளியில் அதே மாடியில்தான் இருக்கிறாள். மகள் ஜெயபாரதி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நடக்கப் பழகுவதற்கு முன்பே வழுக்கப் பழகியவள். ஜன்னலோரப் பலகை இன்னும் தலையைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது, கறையும் போகவில்லை. கனகராஜ் அண்ணாச்சி கடையில் இப்போது கல்லாவில் உட்காருகிறான். கால் வலி இல்லை, சாயங்காலம் ஜன்னல் வரை தேய்த்துவிட்டுத்தான் காப்பி. அபயாம்பாள் மாமி கீழே ஊஞ்சலில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றில் தண்ணீர் இறைப்பது இப்போது பின்பக்க அறைக்காரனான என் வேலை.